பந்தின் பின்னால் ஓடாதே: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஓர் இளம் தடுப்பாட்டக்காரர் தேறும் விதம்

2022 ஜனவரி 10, இண்டியானாபோலிஸ். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசிய சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் ஆட்டம். ஜார்ஜியா 26, அலபாமா 18. முடிய இன்னும் ஒரு நிமிடம் அளவுதான் இருக்கிறது, பந்து அலபாமாவிடம். ஆறு புள்ளி தரும் ஒரு டச்டவுன் போட்டு, அதற்குமேல் இரண்டு புள்ளியும் எடுத்துவிட்டால் ஆட்டம் சமன். பந்தை எறிபவர் பிரைஸ் யங். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பையை வென்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் எறிந்த பந்தை அலபாமா ஆள் பிடிப்பதற்கு முன் எம்பிப் பிடித்துவிட்டார் ஜார்ஜியாவின் கீலி ரிங்கோ. பிடித்தவர் ஓடத் தொடங்கினார். கோட்டுக்கு வெளியே பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட், "கீழே விழு, கீழே விழு" என்று கத்திக்கொண்டே கூடவே ஓடினார். கைக்கு வந்த பந்தை ஓடப்போய் நழுவவிடுவானேன் என்பது அவர் கவலை. ரிங்கோவின் காதில் அது விழவில்லை. 79 கஜம் ஓடி எல்லையைத் தொட்டார். ஜார்ஜியா 33-18 என்று வென்றது. 1980க்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த முதல் தேசியப் பட்டம் அது.

இந்தக் காட்சியை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டை யாரும் பார்க்கவில்லை. 2020இல் ரிங்கோ அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நாட்டிலேயே அவர் வயதில் அவரைப்போன்ற ஆட்டக்காரர் இல்லை என்று சொல்லி அழைத்துவரப்பட்டவர். அந்தப் பருவம் முழுக்க அவர் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. தோளில் காயம், அறுவைச் சிகிச்சை, ஓய்வு.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் அமெரிக்க விளையாட்டுப் பக்கங்களில் ஒரே மாதிரிச் செய்தி வரும்: இந்த அணியின் இளம் தடுப்பாட்டக்காரர்கள் நம்பிக்கை தருகிறார்கள். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள்? பதினெட்டு வயதுப் பையனிடம் எதைத் தேடுகிறார்கள்? இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவருக்கு இது எளிதில் பிடிபடாத விஷயம். எனக்கும் வெகுநாள் பிடிபடவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம்.

முதலில் ஆட்டத்தின் எலும்புக்கூடு. நாம் கால்பந்து என்று சொல்வது இதுவல்ல. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. மைதானம் 100 கஜ நீளம். இரு முனையிலும் பத்துப் பத்துக் கஜத்துக்கு இலக்குப் பகுதி. ஒவ்வோர் அணியிலும் களத்தில் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு. முன்னேறாவிட்டால் பந்து கைமாறும். எல்லைக்குள் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளி. தாக்க ஒரு பதினொருவர், தடுக்க வேறொரு பதினொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்வது இன்று மிக அரிது. ஒவ்வொரு முயற்சியும் சில வினாடிகளில் முடிந்துவிடும். பிறகு கூடிப் பேசுவார்கள், மீண்டும் வரிசையில் நிற்பார்கள். அந்தச் சில வினாடிகளுக்குள்தான் எல்லாமே.

தடுக்கும் பதினொருவரை மூன்று அடுக்காக நினைத்துக்கொள்ளலாம். முன்வரிசையில் மூன்று அல்லது நான்கு மலைகள். எதிர் அணியின் மலைகளோடு நேருக்கு நேர் மோதுபவர்கள். அவர்களுக்குப் பின்னால் லைன்பேக்கர்கள்: ஓடி வருபவரையும் மடக்க வேண்டும், எறிபவரையும் நெருக்க வேண்டும், பின்வாங்கிப் பந்து பிடிப்பவரையும் காவல் காக்க வேண்டும். கடைசி அடுக்கில் விரைந்து ஓடக்கூடியவர்கள். ஓரங்களில் நிற்பவர் கார்னர்பேக். எல்லோருக்கும் பின்னால் காவலாக நிற்பவர் சேஃப்டி. இப்போதெல்லாம் எறிதல் அதிகமாகிவிட்டதால், லைன்பேக்கர் ஒருவரை வெளியே எடுத்துவிட்டு ஐந்தாவதாக ஒரு பின்வரிசைக்காரரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஜார்ஜியாவில் அந்த இடத்துக்கு 'ஸ்டார்' என்றே பெயர். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். அலபாமாவின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனிடம் உதவியாளராக இருந்தபோது ஸ்மார்ட் பழகிய பட்டறைச் சொல் அது.

இனி நம் இளைஞரிடம் வருவோம்.

உயர்நிலைப் பள்ளியில் அவர்தான் ஊரிலேயே பெரியவர், வேகமானவர். பந்து எங்கே போகிறதோ அங்கே ஓடினார், பிடித்தார், சாய்த்தார். தப்பான திசையில் இரண்டடி வைத்தாலும் திரும்பி ஓடி எட்டிப்பிடிக்க வேகம் இருந்தது. கல்லூரிக்கு வந்ததும் எதிரே நிற்பவர்கள் எல்லோருமே அவரவர் ஊரில் அப்படி இருந்தவர்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது உடம்பு. இப்போது தப்பாக வைத்த ஓரடிக்கே விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அது எப்படி என்று ஒரு சிறு காட்சியில் பார்க்கலாம். எதிர் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், பந்தை வாங்கி, பக்கத்தில் ஓடிவருபவரின் வயிற்றில் திணிப்பதுபோல் பாவனை செய்கிறார். நம் இளம் லைன்பேக்கர் அதை நம்பி இரண்டடி முன்னே பாய்கிறார். பந்து கொடுக்கப்படவே இல்லை. அது அவர் தலைக்கு மேலே, அவர் காலிசெய்த இடத்துக்குப் பறக்கிறது. அங்கே பிடிப்பவர் தனியாக நிற்கிறார். நம் லைன்பேக்கர் சோம்பலாக ஆடவில்லை, பயப்படவுமில்லை. கண்ணை வைக்கக்கூடாத இடத்தில் வைத்தார், அவ்வளவுதான். தேர்ந்த லைன்பேக்கர் பந்து வைத்திருப்பவரைப் பார்ப்பதில்லை. எதிர் அணியின் முன்வரிசையில் ஒரு குறிப்பிட்ட ஆளின் முதல் அசைவைப் பார்க்கிறார். அந்த ஆள் முன்னே பாய்ந்தால் ஓட்டம். பின்னே சாய்ந்தால் எறிதல். பந்தை வைத்திருப்பவர் பொய் சொல்லப் பழகியவர். 140 கிலோ ஆசாமிக்கு அவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வராது.

'பந்தின் பின்னால் ஓடாதே' என்பது இங்கே முதல் பாடமாக இருப்பது இதனால்தான். ஒவ்வொருவருக்கும் ஓர் இடைவெளி ஒதுக்கப்பட்டிருக்கிறது. உன் இடைவெளியை நீ அடைத்தால், எங்கே ஓடினாலும் எங்கோ ஒருவர் காத்திருப்பார். அதை விட்டுவிட்டு வீரம் காட்டப் போனால், பத்துப் பேர் சரியாகச் செய்த வேலையும் வீண். கபடி பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை: சங்கிலியில் ஒருவர் அவசரப்பட்டுப் பாய்ந்தால் வந்தவர் அந்த ஓட்டை வழியே நழுவிவிடுவார்.

ஆகவே பயிற்சியாளர் ஓர் இளைஞரை 'நம்பிக்கை தருகிறார்' என்று சொல்லும்போது, பெரும்பாலும் அவர் செய்யாமல் விட்டதைப் பார்த்தே சொல்கிறார்: பாவனைக்கு மயங்கவில்லை, இடத்தைக் காலிசெய்யவில்லை, ஒரே தவற்றை இரண்டாவது முறை செய்யவில்லை. இது தொலைக்காட்சியில் தெரியாது. ஆட்டம் முடிந்த மறுநாள் இருட்டறையில், மேலிருந்து எடுத்த ஒளிப்பதிவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

உடம்பிலும் சில அடையாளங்கள் உண்டு. முன்வரிசைக்காரரிடம் முதலில் பார்ப்பது உயரத்தை அல்ல, தாழ்வை. மோதும் கணத்தில் யாருடைய தோள் கீழே இருக்கிறதோ அவர் கை ஓங்கும். சோர்ந்துபோன இளைஞர் நிமிர்ந்துவிடுவார், நிமிர்ந்ததும் தள்ளப்படுவார். கார்னர்பேக்கிடம் பார்ப்பது இடுப்பை. பின்னோக்கி ஓடிக்கொண்டிருப்பவர், தன் ஆள் திடீரென்று வேகமெடுக்கும்போது வேகம் குறையாமல் இடுப்பைத் திருப்பி முன்னோக்கி ஓட வேண்டும். அந்தத் திருப்பத்தில் ஒரு தயக்கம் இருந்தால் போதும், இடைவெளி விழுந்துவிடும். சேஃப்டியிடம் பார்ப்பது கோணத்தை: ஓடுபவர் இப்போது இருக்கும் இடத்தை நோக்கியா ஓடுகிறார், இன்னும் மூன்று வினாடியில் இருக்கப்போகும் இடத்தை நோக்கியா? முன்னதைச் செய்பவர் வேகமானவராக இருந்தும் எப்போதும் ஓரடி பின்தங்கியே வருவார்.

எண்கள் இங்கே ஏமாற்றும். ஒரு கார்னர்பேக் பருவம் முழுக்க ஒரு பந்தைக்கூடப் பறிக்கவில்லை என்றால் அவர் மட்டமானவர் என்று பொருளல்ல. அவர் பக்கம் எறியவே யாருக்கும் துணிச்சல் வராமல் இருந்திருக்கலாம். புதியவர் ஒருவர் ஓரத்தில் நிற்கிறார் என்று தெரிந்தால், எதிரணி அன்று முழுக்க அவர் பக்கமே எறியும். அதனால் அவர் பெயருக்கு நேரே நிறைய எண்கள் சேரும். அவற்றில் பாதி அவர் வாங்கிய அடியின் கணக்கு.

எண்கள் ஏமாற்றுவதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ட்ரேவான் வாக்கர். 2021இல் ஜார்ஜியாவின் தடுப்பாட்டம் 15 ஆட்டங்களில் சராசரியாக 10.2 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்தது. அந்த முன்வரிசையில் ஆடிய வாக்கர், மூன்றாண்டுக் கல்லூரி வாழ்க்கையில் எறிபவரைப் பந்தோடு சாய்த்தது மொத்தம் ஒன்பதரை முறைதான் (இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை). ஆனால் 2022இல் தொழில்முறை அணிகள் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தபோது நாட்டிலேயே முதலாவதாகப் பெயர் அழைக்கப்பட்டவர் அவர். ஒருபுறம் அணி கொடுத்த வேலை: எறிபவரை நோக்கித் தலைதெறிக்க ஓடுவதைவிட, தன் இடைவெளியைப் பிடித்து நிற்பது. இன்னொருபுறம் உடம்பு: 123 கிலோ எடையோடு 40 கஜத்தை 4.51 வினாடியில் கடந்தவர். தேர்ந்தெடுத்த அணி எண்களுக்குப் பின்னால் இருந்த இந்த இரண்டையும் பார்த்தது.

அலபாமாவின் வில் ஆண்டர்சன் நேர்மாறானவர். சேர்ந்த 2020லேயே களமிறங்கி 7 முறை எறிபவரைச் சாய்த்தார்; மறு ஆண்டு அது 17.5 ஆனது. விளிம்பிலிருந்து எறிபவரை நோக்கிப் பாயும் அந்த வேலையில் இளைஞர்கள் சீக்கிரம் பெயரெடுக்க முடிகிறது. வேகமும் வேட்கையும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கார்னர்பேக்கும் ஓரளவு அப்படித்தான்: ஒரே ஆள், ஒரே ஓரம். எல்.எஸ்.யு. என்ற லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டெரெக் ஸ்டிங்லி 2019இல் முதலாமாண்டு மாணவராகவே 6 பந்துகளைப் பறித்தார். அணி அந்த ஆண்டு பட்டம் வென்றது.

நடுவில் நிற்கும் லைன்பேக்கருக்கும் பின்னால் நிற்கும் சேஃப்டிக்கும் அந்தச் சலுகை இல்லை. அவர்கள் தம் வேலையோடு மற்றவர்களின் வேலையையும் அறிந்திருக்க வேண்டும். எதிரணி வரிசை மாறும்போது அவர்கள்தான் குரல் கொடுத்து எல்லோரையும் நகர்த்துவார்கள். பதினெட்டு வயதுப் பையன், இருபத்து மூன்று வயது மூத்தவரைப் பார்த்து "நீ அங்கே போ" என்று கத்த வேண்டும். பல இளைஞர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்; தசையைவிடத் தொண்டைதான் முதலில் தயாராக வேண்டும். ஜார்ஜியாவின் அந்த 2021 அணியில் நடு லைன்பேக்கராக இருந்த நகோபி டீன் இயந்திரப் பொறியியல் மாணவர் என்பது தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் அதைத் தற்செயல் என்று நம்ப மாட்டார்கள். நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது அந்த ஆண்டு அவருக்குத்தான்.

விதிவிலக்கும் அங்கேயே இருக்கிறது. மறு ஆண்டு, 2022 செப்டம்பரில், ஆரிகனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மலகாய் ஸ்டார்க்ஸ் என்ற முதலாமாண்டு சேஃப்டி இறங்கினார். பள்ளியில் அவர் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். ஆழமாக எறியப்பட்ட ஒரு பந்தை ஓடிப்போய், பாய்ந்து, கிடைமட்டமாகப் பறந்து பறித்தார். ஜார்ஜியா 49-3 என்று வென்றது. எறிபவராக இருந்து பழகியவருக்கு, எறிபவர் என்ன நினைப்பார் என்று தெரிந்திருப்பதில் வியப்பில்லை. திருடனாக இருந்தவன் காவலுக்கு நின்ற கதை.

ஆனால் ஸ்டார்க்ஸ்களை வைத்து விதி எழுத முடியாது. பெரும்பாலானவர்களுக்கு முதல் ஆண்டு காத்திருப்புதான். அதற்கு 'ரெட்ஷர்ட்' என்று பெயர். 1937இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் வாரன் ஆல்ஃப்சன் என்ற மாணவர், இந்த ஆண்டு பயிற்சி மட்டும் செய்கிறேன், ஆட்டத்தில் இறங்கவில்லை என்று கேட்டுக்கொண்டு, எண் பொறிக்காத சிவப்புச் சட்டையில் பயிற்சிக்கு வந்தாராம். பெயர் அங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஒரு மாணவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பது நீண்டகாலக் கணக்கு. ஓர் ஆண்டு ஒதுங்கியிருந்தால் பருவம் செலவாகாது. 2018 முதல் இன்னொரு தளர்வு வந்தது: நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அந்தப் பருவம் கழிக்கப்படாது. வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு இலவச ஒத்திகை. நவம்பரில் நீங்கள் கேள்விப்படாத ஒரு பெயர் திடீரென்று களத்தில் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். முதலாமாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடுவதே 1972இல்தான் நிலையாக அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன் பெரும்பாலான காலம் எல்லோருக்குமே முதல் ஆண்டு காத்திருப்புதான்.

அந்தக் காத்திருப்பு சும்மா உட்கார்ந்திருப்பது அல்ல. காலையில் எடைப் பயிற்சி. மாலையில், வரும் சனிக்கிழமை மோதப்போகும் எதிரணியைப்போல் வேடமிட்டு, தன் அணியின் முதல்தரத் தாக்குதல் வரிசையோடு மோத வேண்டும். ஒவ்வொரு நாளும் தம்மைவிடப் பெரியவர்களிடம் அடி வாங்கும் வேலை. யாரும் பார்க்காத ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் அவர் ஒரு மூத்தவரைச் சுற்றிப்போய் எறிபவரைத் தொட்டுவிட்டால், பயிற்சியாளர்களிடையே அந்தச் செய்தி பரவிவிடும். செய்தித்தாளுக்கு அது வர இன்னும் ஓராண்டு பிடிக்கும்.

களத்துக்குள் நுழைய ஒரு பின்வாசலும் உண்டு: உதை ஆட்டங்கள். பந்து உதைக்கப்படும்போது மட்டும் இறங்கும் தனிக் குழுக்கள். புகழில்லாத, உடம்பு நோகும் வேலை. டேன் ஜாக்சன் இந்த வாசல் வழியாக வந்தவர். உதவித்தொகைகூட இல்லாமல் தாமாக வந்து ஜார்ஜியா அணியில் சேர்ந்தவர்; அப்படி வருபவரை 'வாக்-ஆன்' என்பார்கள். 2021 அக்டோபரில் ஆர்கன்சாவுக்கு எதிராக உதைக்கப்பட்ட ஒரு பந்தை அவர் பாய்ந்து மறித்தார்; அது அப்படியே டச்டவுனில் முடிந்தது. ஆர்கன்சா அன்று ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை; 37-0. அதற்குப் பிறகு அவரை மறக்க முடியவில்லை. மெல்ல மெல்ல சேஃப்டியாகவே ஆனார்.

வசந்தகாலப் பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் 15 பயிற்சி நாள்கள். பள்ளியைச் சீக்கிரம் முடித்து ஜனவரியிலேயே சேர்ந்துவிட்ட இளைஞர்களும் அதில் இருப்பார்கள். கடைசியில் அணி தனக்குள்ளேயே பிரிந்து ஆடும் ஒரு காட்சி ஆட்டம். அந்த ஆட்டத்தில் யாராவது ஓர் இளைஞர் இரண்டு பந்தைப் பறிப்பார். மறுநாள் அவர் பெயர் எங்கும் ஒலிக்கும். இதை நான் பாதி விலைக்குத்தான் வாங்குவேன். எதிரே ஆடியது மூன்றாம் வரிசைக் குவார்ட்டர்பேக்காக இருக்கலாம். தாக்குதல் அணி தன் உண்மையான வித்தைகளை மறைத்து வைத்திருக்கும். தவிர, ஏப்ரலில் எந்தப் பயிற்சியாளரும் யாரையும் குறை சொல்வதில்லை. "இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்" என்றால் இடத்தை விட்டு ஓடுகிறார் என்று அர்த்தம். "உழைப்பாளி" என்றால் வேகம் போதாது. "அவரை நம்பி இறக்கலாம்" என்று யாரைப் பற்றிச் சொல்கிறார்களோ, அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காத்திருந்து தேறும் இந்த வழக்கம் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2018 அக்டோபரில், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புவோர் பெயர் பதியும் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' திறந்தது. 2021இல், முதல்முறை மாறுபவர் ஓராண்டு ஒதுங்கியிருக்கத் தேவையில்லை என்றானது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் தம் பெயரையும் படத்தையும் வைத்து மாணவர்கள் பணம் ஈட்டவும் வழி பிறந்தது. மாணவர்களுக்கு நியாயம் கிடைத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் உழைப்பில் அரங்கங்கள் நிறைந்துகொண்டிருந்தன, அவர்கள் பையில் ஒன்றும் விழவில்லை. ஆனால் இரண்டாம் வரிசையில் நிற்கும் பத்தொன்பது வயதுக்காரருக்கு இன்னோர் ஆண்டு பொறு என்று சொல்வது இப்போது கடினம். பொறுக்காமல் போகலாம், போன இடத்தில் உடனே ஆடலாம். போன இடத்தில் சொற்களும் இடைவெளிகளும் வேறு. கண்ணுக்கு மறுபடியும் முதலிலிருந்து பாடம். பயிற்சியாளர்களும் இளைஞரை வளர்ப்பதைவிடத் தேறிய இருபத்திரண்டு வயதுக்காரரை வெளியிலிருந்து கொண்டுவருவது எளிது என்று பழகிவருகிறார்கள்.

பார்வையாளராக உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த ஆட்டத்தில் ஓர் இளம் சேஃப்டியைத் தேர்ந்தெடுத்து, பந்து எங்கே போனாலும் அவரையே பத்து முயற்சிகளுக்குப் பாருங்கள். தொலைக்காட்சிக் கோணம் பல நேரம் அவரை வெட்டிவிடும். தெரிந்த அளவு போதும். பந்து நகர்வதற்கு முன் அவர் யாரிடமாவது கை காட்டிப் பேசுகிறாரா? முதல் அடியைப் பின்னால் வைக்கிறாரா, முன்னால் வைக்கிறாரா? ஆட்டம் அவரை விட்டு வெகுதூரம் போனபின்னும் ஓடுகிறாரா? முதலில் அலுப்பாக இருக்கும். நான்காவது, ஐந்தாவது முயற்சியில் ஏதோ தட்டுப்படத் தொடங்கும்.

இவ்வளவையும் பள்ளி வயதிலேயே கணித்து நட்சத்திரங்களாகக் கொடுத்துவிடுகிறார்கள் அங்கே. ஐந்து நட்சத்திரம் என்றால் உச்சம். கீலி ரிங்கோ ஐந்து நட்சத்திரம். பட்டத்தை வென்று தந்த அந்தப் பறிப்புக்குப் பிறகும் தொழில்முறைத் தேர்வில் அவர் பெயர் நான்காவது சுற்றில், 105ஆவதாகத்தான் வந்தது. அதே அணியின் முன்வரிசையில் நடுவே நின்ற ஜோர்டன் டேவிஸ் மூன்று நட்சத்திரத்தோடு சேர்ந்தவர். கல்லூரியை விடும்போது 155 கிலோ உடம்போடு 40 கஜத்தை 4.78 வினாடியில் ஓடிக் காட்டினார், 13ஆவதாகப் போனார். உதைத்த பந்தை மறித்த டேன் ஜாக்சனைச் சேர்த்துக்கொள்ளும்போது எந்த உதவித்தொகையும் ஒதுக்கப்படவில்லை. 2025இல் ஏழாவது சுற்றில் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற தொழில்முறை அணி அவர் பெயரைச் சொல்லி அழைத்தது.